எவ்வளவு ஆழம் போகவேண்டும்? தற்காப்புத் தோட்டாவின் பின்னணி

1986 ஏப்ரல் 11, காலை ஒன்பதரை மணி. மயாமியின் புறநகர்ச் சாலை ஒன்றில் வங்கிக் கொள்ளையர் இருவர் வந்த காரை அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் ஆட்கள் மறித்து மோதி நிறுத்தினார்கள். அங்கே இருந்த எஃப்.பி.ஐ. ஆட்கள் எட்டுப் பேர். மைக்கேல் பிளாட் என்ற கொள்ளையன் கார் ஜன்னல் வழியாக வெளியே ஏறிக் குதிக்கும்போது, ஜெர்ரி டவ் என்ற எஃப்.பி.ஐ. அதிகாரி சுட்ட 9 மி.மீ. விட்டக் குண்டு அவன் வலது மேற்கையில் பாய்ந்து, அந்தப் பக்கம் வெளியேறி, நெஞ்சுக்குள் புகுந்து நுரையீரலைக் கிழித்தது. இதயத்தைத் தொடுவதற்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது.

பிழைக்க முடியாத காயம்தான். ஆனால் பிளாட் உடனே விழவில்லை. அதற்குப் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். டவ்வும் அவருடைய சக அதிகாரி பெஞ்சமின் குரோகனும் இறந்தார்கள், இன்னும் ஐந்து பேர் காயப்பட்டார்கள். கொள்ளையர் இருவரும் கடைசியில் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிரேதப் பரிசோதனையில் இருவர் உடலிலும் போதைப்பொருள் இல்லை.

இன்று தற்காப்புக்கென்று விற்கும் கைத்துப்பாக்கித் தோட்டாவின் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும், அதன் பின்னால் அந்த ஓர் அங்குலம் இருக்கிறது. அந்தக் குண்டு பழுதானது என்றும் சொல்ல முடியாது. உள்ளே போனதும் விரியவேண்டும், சீக்கிரம் நிற்கவேண்டும் என்று செய்யப்பட்ட குண்டு அது. சொன்னபடியே விரிந்தது, நின்றது. நடுவில் ஒரு கை குறுக்கே வரும் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். பேச்சில் தோட்டா, குண்டு எல்லாம் ஒன்றுதான். இங்கே தோட்டா என்றால் முழுச் சரக்கு: பித்தளை உறை, அடியில் தட்டினால் தீப்பொறி தரும் ப்ரைமர், உள்ளே வெடிமருந்து, மேலே செருகிய குண்டு. குண்டு என்றால் பறந்து போகும் அந்த முனைப்பகுதி மட்டும். அதன் எடையை கிரெயினில் சொல்வார்கள். ஒரு பவுண்டில் 7,000 கிரெயின். 9 மி.மீ.யில் வழக்கமாகக் கிடைக்கும் 115, 124, 147 கிரெயின் குண்டுகள் கிராம் கணக்கில் சுமார் ஏழரை, எட்டு, ஒன்பதரை.

எட்டு கிராம் ஓர் ஆளை என்ன செய்துவிடும்? சினிமாவில் குண்டு பட்டவன் பின்னால் தூக்கி எறியப்படுவான். கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு கிராம் குண்டு நொடிக்கு 350 மீட்டர் வேகத்தில் போய் 80 கிலோ மனிதன் உடலில் முழுதாக நின்றுவிட்டால், அது அவனுக்குத் தரும் வேகம் நொடிக்கு மூன்றரை சென்டிமீட்டர். பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவர் தோளில் இடிப்பது இதைவிடப் பலமாக இருக்கும். ஆளைச் சாய்க்கும் அளவுக்கு உந்துவிசை இருந்தால், சுடுபவரும் அதே விசையில் பின்னால் சாயவேண்டும். அப்படி யாரும் சாய்வதில்லை. ‘ஸ்டாப்பிங் பவர்’ (ஆளை நிறுத்தும் சக்தி) என்று ஒரு எண்ணைக் காட்டி விற்பவர்களிடம் நான் காது கொடுப்பதில்லை.

பின்னே ஒருவனைத் தடுத்து நிறுத்துவது எது? மூன்று வழிகள்தான். ஒன்று, குண்டு மூளையையோ தண்டுவடத்தின் மேற்பகுதியையோ தொடுவது. அந்த நொடியே எல்லாம் நின்றுவிடும். இரண்டு, இதயம், பெரிய ரத்தக்குழாய்கள் கிழிந்து ரத்த அழுத்தம் இறங்குவது. இதற்கு நேரம் பிடிக்கும். இதயம் முழுதாகச் சிதைந்தாலும் மூளையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜன் பத்துப் பதினைந்து நொடிகள் ஓர் ஆளை இயங்க வைக்கும். மூன்றாவது, மனம். குண்டு பட்டதும், சில நேரம் துப்பாக்கியைப் பார்த்ததுமே, போதும் என்று ஓடுகிறவர்கள் நிறைய. இதை எந்தத் தோட்டாவும் உறுதியாகத் தர முடியாது. எந்தத் தோட்டாவாலும் கிடைக்கவும் கூடும். அதனால்தான் ‘எங்கள் ஊரில் ஒருத்தர் இந்தத் தோட்டாவால் ஒரே சூட்டில் நிறுத்தினார்’ என்கிற கதைகளை வைத்துத் தோட்டா வாங்க முடியாது.

ரைஃபிள் குண்டு வேகத்தால் சுற்றியிருக்கும் திசுவையும் தள்ளிக் கிழிக்கும். கைத்துப்பாக்கிக் குண்டுக்கு அந்த வேகம் கிடையாது. அதைச் சுற்றி ஒரு கணம் திசு விலகும், பிறகு ரப்பர்போலத் திரும்பி வந்துவிடும். கல்லீரல், மூளை மாதிரி நெகிழாத உறுப்புகள் மட்டும் விதிவிலக்கு. ஆகவே கைத்துப்பாக்கிக் குண்டு எதைத் தொடுகிறதோ அதைத்தான் கெடுக்கும். தொடவேண்டியது நெஞ்சுக்கூட்டின் நடுவில் இருக்கிறது. கேள்வி மறுபடியும் ஆழத்துக்கே வருகிறது.

மயாமிக்குப் பிறகு எஃப்.பி.ஐ. இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. ராணுவ மருத்துவர் மார்ட்டின் ஃபேக்லர் சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த ராணுவ ஆய்வுக்கூடத்தில் பன்றித் தசையோடு ஒப்பிட்டு உருவாக்கியிருந்த முறை கையில் இருந்தது: தசைக்குப் பதிலாக ஜெலட்டின் கட்டியில் சுட்டுப் பார்ப்பது. எடையில் பத்துச் சதவீதம் ஜெலட்டின், மிச்சம் தண்ணீர், நான்கு டிகிரி குளிர். கட்டி சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, சிறுவர்கள் சுடும் ஏர்கன் ரகத்துச் சிறு எஃகு உருண்டையை நொடிக்கு 180 மீட்டர் வேகத்தில் அதில் சுடுவார்கள். எட்டரை சென்டிமீட்டர் போனால் சரி. முன்னே பின்னே போனால் அந்தக் கட்டியை ஒதுக்கிவிடவேண்டியதுதான்.

அப்படிச் சரிபார்த்த கட்டியில் குண்டு குறைந்தது 12 அங்குலம் போகவேண்டும், 18 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்று வரையறுத்தார்கள். வெறும் கட்டியில் மட்டும் அல்ல. கனமான உடை, தகரம், ஜிப்சம் பலகை, பிளைவுட், கார்க் கண்ணாடி ஒவ்வொன்றையும் கட்டிக்கு முன்னால் வைத்துத் தனித்தனியாகச் சுட்டுப் பார்த்தார்கள். ‘மனித நெஞ்சு ஒன்பது பத்து அங்குலம்தானே, 12 எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. எதிரே நிற்பவன் படத்தில் வரைந்த இலக்குப்போல நேராக மார்பைக் காட்டி நிற்பானா? பக்கவாட்டில் திரும்பியிருப்பான், குனிந்திருப்பான், இரண்டு கையாலும் எதையோ பிடித்து நீட்டியிருப்பான். முதலில் கையைத் துளைத்து, பிறகு நெஞ்சின் பக்கவாட்டிலிருந்து நடுவுக்குப் போகவேண்டும். டவ் சுட்ட குண்டின் பாதை அதேதான்.

18 என்கிற மேல்வரம்பைப் பார்த்து ‘அப்படியானால் ஆளைத் துளைத்து அடுத்தவரையும் அடிக்குமே’ என்று பயப்படுவதும் அவ்வளவு சரியில்லை. ஜெலட்டினில் எலும்பும் இல்லை, தோலும் இல்லை. வெளியேறும் பக்கத்துத் தோல் மட்டுமே சில சென்டிமீட்டர் தசைக்குச் சமமாகக் குண்டை இழுத்துப் பிடிக்கும். உடலை விட்டு வெளியே வரும் ஹாலோ பாயின்ட் (முனையில் குழி உள்ள, உள்ளே போய் விரியும்) குண்டு பல நேரம் சட்டைக்குள்ளேயே கிடக்கும். கட்டி என்பது அளவுகோல். ஒரு தோட்டாவை இன்னொன்றோடு ஒப்பிடத்தான் அது.

ஹாலோ பாயின்ட் என்ற பெயரிலேயே ஒரு பயங்கரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பழைய கதை உண்டு. 1890களில் கல்கத்தாவுக்கு அருகில் டம் டம் ஆயுதச் சாலையில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி நெவில் பெர்ட்டி-கிளே, ரைஃபிள் குண்டின் முனையில் உலோக உறையை விலக்கி ஈயம் வெளியே தெரியும்படி செய்தார். பட்டதும் முனை விரியும். அந்த ஊரின் பெயரே உலகம் முழுக்க ‘டம்டம் குண்டு’ என்று ஆகிவிட்டது. 1899இல் ஹேக் பிரகடனம் உடலில் விரியும் குண்டுகளைப் போரில் தடை செய்தது. அந்தத் தடை நாடுகளுக்கு இடையிலான போருக்கு. போலீசுக்கும் தற்காப்புக்கும் அது எழுதப்படவில்லை. பலரும் இந்த இடத்தில்தான் குழப்பிக்கொள்கிறார்கள். ராணுவம் பயன்படுத்தாததைச் சாதாரண ஆள் வைத்திருக்கலாமா என்று கேட்கும்போது நியாயமாகத்தான் படும். ஆனால் போர்க்களத்தில் குறிக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இன்னொரு படைவீரன். வீட்டில் குறிக்குப் பின்னால் இருப்பது பக்கத்து அறை.

முழு உலோக உறை போட்ட உருண்டை முனைக் குண்டு ஜெலட்டினில் சர்வசாதாரணமாக 24 அங்குலத்தைத் தாண்டும். உடலைக் கடந்து அப்பாலும் போகும். ஹாலோ பாயின்ட் குண்டின் முனையில் சின்னக் கிண்ணம்போல ஒரு குழி. ஈரத் திசு அந்தக் குழியில் நிறைந்து, உள்ளிருந்து ஓரங்களை நெட்டித் தள்ளும். குண்டின் மேலுறை ஐந்தாறு இதழாகப் பிரிந்து பின்னால் மடியும். 9 மி.மீ. குண்டு 14, 15 மி.மீ. அகலப் பூவாகிவிடும். அகலமானால் திசு அதிகம் தடுக்கும், குண்டு நிற்கும். அகலமான காயம் கூடுதல் பயன்தான். நிற்பதுதான் முக்கியப் பயன். நியூயார்க் போலீஸ் 1998இல் ஹாலோ பாயின்டுக்கு மாற முடிவு செய்தபோது சொன்ன காரணமும் இதுவே: குண்டு குறியைத் தாண்டிப் போய் யாரோ ஒருவர்மேல் படக்கூடாது.

இந்தக் குழிக்கு ஒரு பலவீனம் உண்டு, துணி. தடித்த ஜீன்ஸ் துணியைக் குத்திக்கொண்டு போகும்போது குழியில் நூலும் பஞ்சும் அடைத்துக்கொள்ளும். உள்ளே திரவம் நுழைய இடமில்லை. குண்டு விரியாமல் உருண்டை முனைக் குண்டு மாதிரியே போய்க்கொண்டிருக்கும். பழைய வடிவங்களில் இது அடிக்கடி நடந்தது. இப்போது குழியின் வாயில் ரப்பர் மாதிரியான பாலிமர் முனை வைத்து அடைக்கிறார்கள், அல்லது துணி போனாலும் ஓரம் பிளக்கும்படி முன்கூட்டியே கீறல் போடுகிறார்கள். ஈயத்தையும் உறையையும் பிரியாதபடி பிணைத்துச் செய்வதும் உண்டு. இந்தப் பிணைப்பு கண்ணாடி, தகரம் வழியாகச் சுடவேண்டி வரும் போலீசுக்குத்தான் பெரிதாக உதவும். வீட்டுக்குள் கார்க் கண்ணாடி எங்கே வரப்போகிறது? ஆகவே ஒரு தோட்டாவின் சோதனைப் படங்களைப் பார்த்தால், வெறும் கட்டியில் விரிந்த அழகான பூவை விட்டுவிட்டு, கனமான உடைக்குப் பின் என்ன ஆனது என்பதைத் தேடுங்கள். இணைய வீடியோக்களில் வரும் கண்ணாடிபோல் தெளிவான கட்டி செயற்கை ஜெல். பார்க்கச் சுலபம், ஆனால் 10 சதவீத ஜெலட்டினும் அதுவும் ஒன்றல்ல. அதில் அளந்த அங்குலத்தை 12-18 கணக்கில் வைத்துப் பேசக்கூடாது.

சரி, குண்டின் விட்டம் எந்த அளவு, 9 மி.மீ.யா .45ஆ (0.45 அங்குலம், சுமார் பதினொன்றரை மி.மீ.)? நூறு வருஷத்துக்கும் மேலான சண்டை. 1904இல் அமெரிக்க ராணுவத்தின் தாம்சனும் மருத்துவர் லா கார்டும் சிகாகோ இறைச்சிக்கூடத்தில் மாடுகளையும், வேறு இடத்தில் மனிதப் பிணங்களையும் சுட்டுப் பார்த்து .45க்குக் குறையக்கூடாது என்று எழுதினார்கள். பிலிப்பைன்ஸில் .38 ரிவால்வர் எதிரியை நிறுத்தவில்லை என்கிற புகார்தான் அதற்குத் தூண்டுதல். மயாமிக்குப் பிறகு எஃப்.பி.ஐ.யும் இதே பெரியதன் பக்கம் சாய்ந்தது. முதலில் 10 மி.மீ., அதன் பின்னுதைப்பு பலருக்கு ஒத்துவராததால் பிறகு 1990இல் வந்த .40. கடைசியில் 2014இல் அவர்களுடைய பயிற்சிப் பிரிவே, இன்றைய குண்டு வடிவமைப்பில் 9 மி.மீ., .40, .45 மூன்றின் காயத்திலும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை, 9 மி.மீ.யில் பெரும்பாலோர் வேகமாகவும் துல்லியமாகவும் சுடுகிறார்கள் என்று எழுதி 9 மி.மீ.க்கே திரும்ப வழிசெய்தது. முப்பது வருஷம் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டார்கள். மாறியிருந்தது குண்டின் முனை மட்டும்.

மிகச் சிறிய அளவுகளில்தான் உண்மையான சங்கடம். .380இல் விரியும் குண்டு விரிந்தால் 12 அங்குலத்துக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது, விரியாவிட்டால் உருண்டை முனைக் குண்டாகிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் தோட்டா சிலதான். .32, .22 போன்றவற்றில் விரிவதை மறந்துவிட்டு ஆழத்தைத் தருவதையே எடுப்பது நல்லது என்பது என் கட்சி. இருக்கிற சக்தியில் அகலமும் ஆழமும் இரண்டும் வராது. .22இல் இன்னொன்றும் உண்டு. அதன் ப்ரைமர் கலவை தனி மூடியில் இல்லை, உறையின் விளிம்புக்குள் பரப்பியிருக்கும். ஒரு பக்கம் கலவை குறைந்தால் சொடுக்கினாலும் வெடிக்காது. ரிவால்வரில் மறுபடி விசையை இழுத்தால் போதும், பிஸ்டலில் மேல்பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுத்து அந்தத் தோட்டாவைக் கழிக்கவேண்டும்.

பேரலின் (குழலின்) நீளமும் கணக்கில் வரும். பெட்டியில் அச்சடித்த வேகம் பெரும்பாலும் நாலு அங்குல பேரலில் அளந்தது. இடுப்பில் மறைத்து வைக்கும் மூன்று அங்குலத் துப்பாக்கியில் அது குறையும், குறைந்தால் விரிவதும் சந்தேகம். குட்டைப் பேரலுக்கென்றே செய்த தோட்டாக்கள் கிடைக்கின்றன. ‘+பி’ என்று போட்டவை கூடுதல் அழுத்தம் கொண்டவை. 9 மி.மீ.யில் வழக்கமான உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு, +பியில் 38,500. பழைய துப்பாக்கியில் இதைப் போடுவதற்கு முன் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்தாகவேண்டும். பார்த்தாலும், கிடைக்கும் கொஞ்ச வேகத்துக்காக இரண்டாவது சூடு தாமதமாகும் என்றால் எனக்கு அது லாபமாகப் படவில்லை.

ஏனென்றால் பெரும்பாலான குண்டுகள் படுவதே இல்லை. 2012 ஆகஸ்டில் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தின் வாசலில், சற்று முன்புதான் ஒருவரைச் சுட்டுக் கொன்றவனை நோக்கி இரண்டு போலீஸ்காரர்கள் 16 முறை சுட்டார்கள். வழியில் போன ஒன்பது பேர் காயப்பட்டார்கள். எல்லாமே போலீஸ் குண்டுகளாலும், பட்டுத் தெறித்த சில்லுகளாலும். பயிற்சி பெற்றவர்கள், அதுவும் கைக்கெட்டும் தூரத்தில். துளைத்துப் போகும் குண்டைப்பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கிறோம். தவறிப் போகும் குண்டு எந்த உடலாலும் வேகம் குறையாமல் போகிறது. 12 அங்குலம் போகும் எந்தக் குண்டும் அமெரிக்க வீட்டு உள்சுவரின் இரண்டு ஜிப்சம் பலகைகளைத் துளைக்கும். சுவரைத் துளைக்காது என்று விற்கும் நொறுங்கும் குண்டுகளும், சின்னச் சின்ன ஈயமணிகளை அடைத்த குண்டுகளும் உடலுக்குள்ளும் ஐந்தாறு அங்குலத்திலேயே சிதறி நின்றுவிடும். மயாமிக்கே திரும்பிப் போவதுதான் அது.

சட்டத்தைப் பொறுத்தவரை ஒரே ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு நாட்டிலும், அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்திலும் விதி வேறு. நியூஜெர்சியில் ஹாலோ பாயின்டை வீட்டில் வைத்திருக்கலாம், வெளியே கொண்டுபோகக் கடுமையான கட்டுப்பாடு. பெயரும் பெட்டியும் நீதிமன்றம்வரை வரும். 1991இல் வந்த ‘பிளாக் டாலன்’ தோட்டா, அதாவது கரிய நகம், அந்தப் பெயராலும் கறுப்பு நிறத்தாலும் பத்திரிகைகளில் கொலைகாரத் தோட்டா ஆனது. 1993இல் தயாரிப்பாளரே பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்தினார்கள். அதன் குண்டு மற்ற நல்ல ஹாலோ பாயின்டுகளைவிடப் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. உள்ளூர் போலீஸ் பயன்படுத்தும் அதே தோட்டாவை வாங்கி வைப்பவர்கள் இதையும் நினைத்துத்தான் செய்கிறார்கள்.

இவ்வளவையும் பார்த்து ஒரு பெட்டி வாங்கியாயிற்று என்று வையுங்கள். அது உங்கள் துப்பாக்கியில் ஓடுமா? உருண்டை முனை, தோட்டாக்களை அடுக்கிய மேகசினிலிருந்து வழுக்கிக்கொண்டு, பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள் போகும். குழி வாய் சில துப்பாக்கிகளில் அந்த அறைக்கு ஏறும் சரிவில் முட்டி நிற்கும். ஒரே மாடலில் இரண்டு துப்பாக்கி வாங்கினாலும் இரண்டும் ஒரே மாதிரி தின்னும் என்று சொல்ல முடியாது. குறைந்தது நூறு, முடிந்தால் இருநூறு தோட்டா, உங்கள் கையில், உங்கள் மேகசின்கள் ஒவ்வொன்றிலும் போட்டுச் சுட்டுப் பார்க்கவேண்டும். பயிற்சித் தோட்டா ஐம்பது வரும் பெட்டியில், இது இருபதுதான் வருகிறது, விலையும் கூட. செலவுதான். அப்புறம் தினப் பயிற்சிக்கு அதே எடையில் மலிவான உருண்டை முனையைப் பயன்படுத்தலாம். எடை மாறினால் குண்டு படும் இடமும் கொஞ்சம் மாறும், உதைப்பும் மாறும். ஒரு முறையாவது இருட்டில் சுட்டுப் பார்ப்பதும் நல்லது. மலிவான சிலவற்றின் தீப்பிழம்பு கண்ணைக் கட்டிவிடும்.

வீட்டில் வைத்திருக்கும்போது நடக்கும் ஒரு கோளாறு பலருக்குத் தெரியாது. பிஸ்டலைத் தினமும் இறக்கி, மறுபடி ஏற்றுகிறவர்கள் அதே மேல் தோட்டாவையே திரும்பத் திரும்ப அறைக்குள் தள்ளுகிறார்கள். ஒவ்வொரு முறையும் குண்டின் முனை சரிவில் இடித்து, குண்டு பித்தளை உறைக்குள் இம்மி இம்மியாக இறங்குகிறது. உள்ளே இடம் குறைந்தால் வெடிக்கும்போது அழுத்தம் எகிறும். அளவு மீறி இறங்கிய தோட்டா துப்பாக்கியையே உடைத்துவிடும். எடை குறைந்த ரிவால்வரில் இதற்கு நேர்மாறு. உதைப்பில் மிச்சத் தோட்டாக்களின் குண்டு முன்னால் நகர்ந்து, உருளை சுற்றாமல் மாட்டிக்கொள்ளும்.

சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பல முறை ஏற்றி இறக்கிய பழைய தோட்டாவையும், பெட்டியிலிருந்து எடுத்த புதியதையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்து, கண்ணை மேஜை மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். பழையது குட்டையாகத் தெரிந்தால் அதைப் பயிற்சிக்குக்கூட எடுக்காமல் தனியே ஒதுக்கி, அழிப்பதற்குத் துப்பாக்கிச் சுடுதளத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.